பழனி மலை ஓடைகளில் பூச்சி எழும் காலம்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிரவுட் மீன் பிடிப்பவர்கள் ஆண்டைக் கணிப்பது ஆற்றுப் பூச்சிகளை வைத்துத்தான். குளிர்காலம் முழுக்க ஆற்றடிக் கற்களுக்கு இடையிலும் மணலுக்குள்ளும் கிடந்த இளம்பூச்சிகள், வசந்தம் வந்து நீர் கொஞ்சம் சூடேறியதும் சிறகு விரித்து மேலே எழுகின்றன. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓடும் டெஸ்ட், இட்சன் ஆறுகளில் எபிமெரா டானிகா என்ற பெரிய மேஃப்ளை மே மாத நடுவில் எழத் தொடங்கி ஜூன் முதல் வாரங்கள் வரை பறக்கும். இரண்டு ஆண்டு ஆற்றடியில் புதைந்து வளர்ந்த அந்தப் பூச்சிக்குச் சிறகோடு வாழக் கிடைப்பது சில நாள்தான். அந்தச் சில நாளில் டிரவுட் தன் வழக்கமான எச்சரிக்கையை விட்டுவிட்டு மேல்நீரிலேயே நின்று தின்னும். தூண்டிலை நேற்றுத்தான் கையில் எடுத்தவருக்கும் அப்போது மீன் கிடைத்துவிடும். அதனால் அந்தப் பருவத்துக்கு அங்கே 'கற்றுக்குட்டிகளின் இரண்டு வாரம்' என்று ஒரு பெயரே உண்டு.

தென்னிந்திய மலைகளில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் தங்கள் ரோஜாச் செடிகளோடும் பேரி மரங்களோடும் இந்த நாள்காட்டியையும் கொண்டுவந்தார்கள். அது இங்கே பொருந்துமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கொடைக்கானலைச் சுற்றியுள்ள ஓடைகளில் பூச்சி எழும் பருவம் என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அதை எது தீர்மானிக்கிறது, எழும் பூச்சியை யார் தின்கிறார்கள், அந்த இடத்துக்கு டிரவுட் தேவையா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சி எழுகிறது, ஆனால் அதை எழுப்புவது வசந்தத்தின் வெயிலைவிட மழையின் வரத்தும் ஓய்வும்தான். இந்த ஓடைகளுக்கு டிரவுட் தேவையில்லை. டிரவுட் பிடிப்பவர்கள் ஓடையைப் பார்த்த விதம் மிக அவசரமாகத் தேவை.

அந்தப் பார்வை எப்படி உருவானது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தத் தூண்டிலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் தூண்டில் போடுபவர் தங்கூசி நரம்பின் நுனியில் முள்ளையும் அதற்குச் சற்று மேலே ஈயக்குண்டையும் கட்டி, மண்புழுவைக் கோத்து வீசுகிறார். ஈயத்தின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. டிரவுட் பிடிப்பவர் வீசும் ஃப்ளை என்பது முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்கு எடை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஆகவே இங்கே வீசப்படுவது தடிமனான கயிறுதான். கோலைப் பின்னுக்கும் முன்னுக்கும் ஆட்டிக் கயிறைக் காற்றில் நீட்டி விரிக்க, அதன் நுனியில் உள்ள மெல்லிய நரம்பும் பொய்ப்பூச்சியும் கடைசியாக நீரில் வந்து அமர்கின்றன. அமர்ந்த பூச்சி நீரோட்டத்தோடு அதே வேகத்தில் மிதந்து போக வேண்டும். கயிறு கொஞ்சம் இழுத்து, பூச்சி நீரைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தாலும் மீன் விலகிவிடும். இதனால் ஃப்ளை வீசுபவர் நீரோட்டத்தின் ஒவ்வொரு மடிப்பையும் படிக்கப் பழகினார். அந்த நேரத்தில் மீன் எந்தப் பூச்சியை, அதன் எந்தப் பருவத்தில் தின்கிறது என்று தெரியாமல் அவரால் எதையும் கட்ட முடியாது. எனவே பூச்சியையும் படிக்கப் பழகினார்.

இந்தப் படிப்பில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை. ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு 1886இல் வெளியிட்ட நூல், நீரின் மேல் மிதக்கும் சிறகுப்பூச்சியை நிறமும் அளவும் பிசகாமல் போலிசெய்யக் கற்றுக்கொடுத்தது. ஜி.இ.எம். ஸ்கூஸ் 1910இல் எழுதிய நூல், மீன் தின்பதில் பெரும்பங்கு நீருக்கு அடியில் இருக்கும் இளம்பூச்சிதான் என்றது. அடியில் வீசுவது தகுமா என்ற சண்டை லண்டன் மன்றங்களில் பல ஆண்டு நடந்தது. சண்டை நமக்கு வேண்டாம். அதன் பக்கவிளைவாகப் பூச்சியியல் துறைக்கு வெளியே இருந்த வழக்கறிஞர்களும் வியாபாரிகளும் மேஃப்ளையின் இனம், பருவம், எழும் நேரம், நீரின் வெப்பம் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார்கள். பிற்காலத்தில் அந்த ஆறுகள் கெட்டபோது, முன்பு எப்படி இருந்தன என்று சொல்ல அவர்களுக்கு எழுத்தில் ஆதாரம் இருந்தது. நம் மலை ஓடைகளுக்கு இல்லாமல் போனது அதுதான்.

பொய்ப்பூச்சிக் கலைக்கும் நம் மலைகளுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. சோலைகளின் ஓரத்தில் விடியற்காலையில் கூவும் சாம்பல் நிறக் காட்டுச்சேவலின் கழுத்து இறகுகளில், அரக்குத் துளி இட்டதுபோல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் புள்ளிகள் இருக்கும். இந்தப் பறவை இந்தியத் தீபகற்பத்துக்கே உரியது. பிரிட்டனில் சால்மன் மீனுக்காகக் கட்டப்பட்ட 'ஜாக் ஸ்காட்' போன்ற புகழ்பெற்ற ஃப்ளைகளில் கன்னமாக ஒட்டப்பட்டது இந்த இறகுதான். அதற்காக ஏராளமான சேவல்கள் கொல்லப்பட்டுத் தோலோடு கப்பலேறின. இன்று வனவிலங்குச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது. பேரிஜம் சாலையில் காலையில் போனால் அதன் கூவலைக் கேட்கலாம்.

இனி டிரவுட்டின் கதை. தென்னிந்தியாவுக்கு அதைக் கொண்டுவரும் முயற்சி 1860களிலேயே நீலகிரியில் தொடங்கியது. சென்னை ராணுவ மருத்துவரும், பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவருமான ஃபிரான்சிஸ் டே முயன்று தோற்றார். உதகை அரசுத் தாவரவியல் தோட்டத்தை உருவாக்கிய மெக்ஐவரும் முயன்றார். பழுப்பு டிரவுட் இங்கே தங்கவில்லை. சென்னை மாகாண மீன்துறைக்கு அடித்தளமிட்ட சர் ஃபிரெடரிக் நிக்கல்சனின் காலத்தில்தான் எச்.சி. வில்சன் என்ற மீன்வளர்ப்பு வல்லுநர் வானவில் டிரவுட்டின் முட்டைகளை இலங்கையிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரவழைத்து வெற்றி கண்டார். 1907இல் அமைந்த அவலாஞ்சி பொரிப்பகம் அந்த முயற்சியின் விளைவு. அங்கிருந்து நீலகிரியின் மேற்குப் பக்க ஓடைகளுக்குக் குஞ்சுகள் போயின. ஆனைமலைத் தொடரில் மூணாறு தேயிலைத் தோட்டக்காரர்கள் ஹை ரேஞ்ச் ஆங்லிங் அசோசியேஷன் வழியாக ராஜமலையில் பொரிப்பகம் நடத்தி, இரவிகுளம் மேட்டுநில ஓடைகளில் டிரவுட்டை விட்டார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1921இல் நீலகிரி டிரவுட் பற்றியும் 1945இல் திருவிதாங்கூர் டிரவுட் பற்றியும் நீண்ட கட்டுரைகள் வந்தன.

இந்த இரண்டு மலைகளுக்கும் பக்கத்திலிருந்தும் கொடைக்கானலின் மீன்பிடி வரலாறு வேறு திசையில் போனது. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து உருவாக்கிய ஏரிதான் இந்த ஊரின் மையம். சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள, அசைவு குறைந்த நீர். அங்கே நிலைபெற்றது கெண்டை இனம். இலங்கையிலிருந்து 1939இல் நீலகிரிக்கு வந்த கண்ணாடிக் கெண்டையும் அதன் உறவுகளும் மலை ஏரிகளின் மீனாகவே ஆகிவிட்டன. ஏரிக்கரையில் தக்கை கட்டிக் காத்திருப்பவர்களின் பொழுதுபோக்கு அமைதியான ஒன்று. பூச்சி எழுவதற்கும் அதற்கும் அதிகத் தொடர்பில்லை. பூச்சியைத் தேடுபவர் ஏரியை விட்டு ஓடைக்குப் போக வேண்டும். ஏரி வழிந்து வெள்ளி அருவியாக விழும் நீர், வட்டக்கானலுக்குக் கீழே இறங்கும் பாம்பாறு, மேல்மலையின் குண்டாறு, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் பக்கம் வடக்கே இறங்கி அமராவதிக்குப் போகும் ஓடைகள் ஆகியவையே அவருடைய இடங்கள்.

அங்கே ஒரு கல்லைத் திருப்பிப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். பாம்பாற்றின் மேல்பகுதியில் முழங்கால் ஆழத்தில், நீர் சலசலத்து ஓடும் இடத்தில், உள்ளங்கை அகலக் கல் ஒன்றை மெல்லத் தூக்கினால் அதன் அடிப்பக்கத்தில் தட்டையான ஒரு சிறு உயிர் நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடும். தலை அகலம், கண்கள் மேலே, உடலைக் கல்லோடு அழுத்திக்கொண்டிருக்கும். வயிற்றின் இரு பக்கமும் இலைபோன்ற செவுள்கள். பின்னால் நீண்ட வால் இழைகள். அதன் முதுகில் சிறகுப் பைகள் கறுத்துப் பருத்திருந்தால், அன்றோ மறுநாளோ அது மேலே எழப்போகிறது. அதே கல்லில் மணல் துகள்களைப் பட்டுநூலால் ஒட்டிக் கட்டிய சிறு குழாய்கள் இருக்கும். அவை கேடிஸ் பூச்சியின் வீடுகள். வேகமான நீர் படும் விளிம்பில் கறுப்பு ஈயின் குடம்பிகள் கொத்தாக ஒட்டியிருக்கும். ஐ.எம். பூரி 1930களில் இந்தியக் கறுப்பு ஈக்களை ஆராய்ந்தபோது ஓர் இனத்துக்கு இந்த மலையின் பெயரையே வைத்து 'சிமுலியம் பால்னியென்ஸ்' என்றார்.

மேஃப்ளை பூச்சி உலகில் மிகப் பழைய குலம். சிறகு வந்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி இன்று அது ஒன்றுதான். நீரை விட்டு எழும்போது மங்கலான சிறகோடு கரையோரச் செடியில் போய் அமர்கிறது. சில மணி நேரத்தில், அல்லது ஓர் இரவுக்குப் பிறகு, அந்தத் தோலையும் கழற்றிவிட்டுக் கண்ணாடிச் சிறகோடு புறப்படுகிறது. அதன் வாய் உணவு எடுக்கும் நிலையில் இல்லை. கூடுவதும் முட்டையிடுவதும் சாவதும் மட்டுமே மிச்சம். மீனுக்கு இதில் மூன்று வேளை விருந்து: இளம்பூச்சி அடியிலிருந்து மேலேறும்போது ஒன்று, மேல்நீரில் சிறகு உலர்த்தி மிதக்கும்போது ஒன்று, முட்டையிட்டுச் செத்து நீரில் விழும்போது ஒன்று. ஹால்ஃபோர்டும் ஸ்கூஸும் சண்டை போட்டது இவற்றில் எந்த வேளையைப் போலிசெய்வது என்பதற்காகத்தான்.

பிரிட்டனில் இந்த விருந்து ஏன் சில வாரத்துக்குள் குவிகிறது? அங்கே குளிர்காலம் இளம்பூச்சியின் வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. தெற்கு இங்கிலாந்தில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் எட்டரை மணி நேரத்துக்கும் மேல் வேறுபாடு உண்டு. வெயிலும் பகலும் ஒன்றாக ஏற, காத்திருந்த பூச்சிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேளையில் முதிர்கின்றன. கொடைக்கானல் வடக்கு 10 பாகையில் இருக்கிறது. இங்கே அந்த வேறுபாடு ஒரு மணி பத்து நிமிடம் அளவுதான். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம் குளிரைத் தருகிறதே தவிர, பருவங்களுக்கு இடையே பெரிய ஏற்றத்தாழ்வைத் தருவதில்லை. ஜனவரியின் சராசரி வெப்பநிலைக்கும் மே மாதத்துக்கும் ஐந்து பாகை அளவே வேறுபாடு. மேல்மலைப் பள்ளங்களில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தாலும் ஓடும் நீர் உறைவதில்லை. பூச்சியைக் காக்கவைக்கும் கதவு இங்கே இல்லை.

ஆகவே வெப்பமண்டல ஓடைகளில் பொதுவாக நடப்பதே இங்கும் நடக்கிறது. இளம்பூச்சி வேகமாக வளர்கிறது, ஓர் ஆண்டில் பல தலைமுறை வருகிறது, எந்த மாதத்தில் போனாலும் அந்தி நேரத்தில் கொஞ்சம் பூச்சி பறந்துகொண்டிருக்கிறது. இதை வைத்து வெப்பமண்டலத்தில் பூச்சிக்குப் பருவமே இல்லை என்று எழுதியவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் போவில்லா அடஸ்டா என்ற மேஃப்ளை முழுநிலாவை ஒட்டிக் கூட்டமாக எழுவதை 1950களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெயில் காட்டாத ஒழுங்கை அங்கே நிலா காட்டுகிறது. நம் மலைகளில் அந்த வேலையைச் செய்வது மழை.

பழனி மலை இரண்டு பருவமழைக்கும் நடுவில் நிற்கிறது. வந்தரவு, பேரிஜம் உள்ளிட்ட மேற்கு விளிம்பில் தென்மேற்கு மழை கொட்டும். கொடைக்கானல் நகரிலும் கிழக்கேயும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழைதான் பெருமழை. இவற்றுக்கு முன்னால் ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இடியோடு கோடை மழை. மலை ஓடையில் வெள்ளம் வரும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன்: 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. மழை பதிவானது. அது அபூர்வம். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு பெய்தாலும் ஓடையின் கற்கள் உருளும், அவற்றில் ஒட்டியிருந்த பாசி உரியும், இளம்பூச்சிகள் கீழே அடித்துச் செல்லப்படும். மழை ஓய்ந்து நீர் தெளிந்ததும் கல்லில் பாசி மீண்டும் படிகிறது. கரையிலிருந்து விழுந்த சோலை இலைகள் மூலைகளில் தங்குகின்றன. தப்பிய முட்டைகள் பொரிந்து ஏறக்குறைய ஒரே வயதுக் கூட்டம் ஒன்று வளரத் தொடங்குகிறது. இங்கிலாந்தில் குளிர் செய்கிற வேலையை இங்கே வெள்ளம் செய்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் எடுத்த கணக்குகளில் மழைக்காலத்தில் இளம்பூச்சி குறைவதும், மழை ஓய்ந்த மாதங்களிலும் கோடையிலும் பெருகுவதும் இதனால்தான்.

எனவே பூச்சி எழுவதைப் பார்க்க விரும்புகிறவர் கொடைக்கானலுக்கு வர வேண்டிய காலம், வடகிழக்கு மழை விட்டு நீர் தெளியும் டிசம்பர் கடைசி முதல் கோடை மழை முற்றும் மே வரை. அதிலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் காற்றில்லாத மாலைகள் சிறந்தவை. கீழ்மலையில் இன்னொரு நிகழ்வும் சேர்ந்துகொள்ளும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கோடையின் முதல் நல்ல மழைக்குப் பின் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். வீட்டு விளக்கைச் சுற்றி விழும் ஈசலை நாம் அறிவோம். அதே மாலையில் ஓடை மடுக்களில் விழும் ஈசலுக்காக மீன்கள் மேலே வந்து நீரைக் கொப்புளிக்கவைப்பதைப் பார்த்தவர்கள் குறைவு. ஹாம்ப்ஷயர்காரரின் இரண்டு வாரத்துக்கு நிகராக நம்மிடம் இருப்பது அந்த ஒன்றிரண்டு மாலைகள்.

இந்தப் பூச்சிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மதுரையிலிருந்து வந்தது. கே.ஜி. சிவராமகிருஷ்ணனும் அவர் மாணவர்களும் 1980களில் தொடங்கி குற்றாலம் முதல் பழனி மலை வரை ஓடை ஓடையாக இறங்கிக் கற்களைத் திருப்பினார்கள். வலையும் சாராயக் குப்பியும் இடுக்கியும்தான் அவர்களது கருவிகள். அவர் குற்றாலத்தில் கண்ட ஒரு மேஃப்ளைக்கு 1984இல் 'பீட்டர்சுலா கோர்டல்லென்சிஸ்' என்று பெயரிட்டார்; முதல் பாதி அமெரிக்க மேஃப்ளை அறிஞர் வில்லியம் பீட்டர்ஸுக்கு, பின்பாதி குற்றாலத்துக்கு. பெரியகுளத்துக்கு மேலே பாம்பாறு விழும் கும்பக்கரையில் கண்ட தட்டையான மேஃப்ளை ஒன்றுக்கு வெங்கட்ராமனும் சிவராமகிருஷ்ணனும் 1989இல் கும்பக்கரையின் பெயரைக் கொடுத்தார்கள். இன்று அது 'அஃப்ரோனுரஸ் கும்பக்கரையென்சிஸ்'. விடுமுறை நாளில் அந்த அருவியில் ஆயிரக்கணக்கானோர் குளிக்கிறார்கள். அவர்கள் கால் வைக்கும் பாறையின் பெயரில் ஓர் உயிரினம் இருப்பதை அங்கே ஒரு பலகையாவது சொல்லலாம்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது 'டெலொகனோடஸ் கோடாய்'. சுவிட்சர்லாந்தின் மிஷெல் சார்ட்டோரி 2008இல் கொடைக்கானலின் பெயரால் விவரித்த மேஃப்ளை. அதன் குடும்பத்தைச் சேர்ந்த பூச்சிகள் தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா என்று சிதறிக் கிடக்கின்றன. இந்த மெல்லிய பூச்சிகள் கடலைத் தாண்டிப் பறப்பவை அல்ல. நிலங்கள் ஒட்டியிருந்த கோண்டுவானாக் காலத்தின் மிச்சமாக அவற்றைப் பார்ப்பதே பொருத்தம். டிரவுட் இந்த மலைத் தொடர்களில் நிலைபெற்று நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. டெலொகனோடஸின் முன்னோர் மலை உருவாகும் முன்பே இந்த நிலத்தில் இருந்தவர்கள்.

சரி, டிரவுட் இல்லாத ஓடையில் எழும் பூச்சியை யார் தின்கிறார்கள்? முதலில் பறவைகளும் தட்டான்களும் சிலந்திகளும் வௌவால்களும் தவளைகளும். நீருக்குள் உள்ளூர் மீன்கள். கல்லில் ஒட்டி வாழும் கல்கொரவைக்குப் பாசிதான் முதன்மை உணவு. டெவாரியோ இனத்துச் சிறுமீன்களோ மேல்நீரில் கூட்டமாக நின்று, விழும் பூச்சிக்காகவே காத்திருப்பவை. விரல் நீளம், பக்கத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள். சின்ன அரிசி அளவு ஃப்ளையை மெல்லிய நரம்பில் கட்டி, சுழி விடும் இடத்தில் மிதக்கவிட்டால் அவை எழுந்து எடுப்பதில் டிரவுட்டுக்குக் குறைந்தவை அல்ல. இறங்க இறங்கப் பெரிய கெண்டைகள் வருகின்றன. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டு, இந்திய ஆறுகளின் மஹ்சீர் மீன் எந்த ஐரோப்பிய மீனுக்கும் தாழ்ந்ததில்லை என்று வாதாடினார். உதகையில் டிரவுட் முட்டைகளுக்காக மற்றவர்கள் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் உள்ளூர் மீன்களைக் கவனித்தார். அதற்காகவே அவரை நாம் நினைவில் வைக்கலாம்.

டிரவுட்டைக் கொடைக்கானலிலும் வளர்க்க வேண்டும், அது சுற்றுலாவுக்கு நல்லது என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நீர் குளிர்ச்சியாக இருக்கிறது, காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் பணம் வருகிறது என்பது வாதம். காஷ்மீரில் 1900இல் முட்டைகள் உயிரோடு வந்து சேர்ந்தபின் அந்த மீன் பெருகியது உண்மை. அங்கே பனி உருகும் ஆறுகள் இருக்கின்றன, வசந்தமும் இருக்கிறது. வானவில் டிரவுட்டுக்கு ஏற்ற நீர் 10 முதல் 18 பாகை வரை. 25 பாகையை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. மார்ச், ஏப்ரலில் எங்கள் மேல்மலை ஓடைகள் நூலிழையாகச் சுருங்கிவிடும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், அதே வெப்பநிலையில் உள்ள சமவெளி நீரைவிட இங்கே நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. ஆண்டுதோறும் பொரிப்பகத்திலிருந்து குஞ்சு விட்டுக்கொண்டே இருந்தால்தான் மீன் நிற்கும். நின்றாலும் அது கெடுதல். வானவில் டிரவுட், பழுப்பு டிரவுட் இரண்டுமே உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில், மீனே இல்லாதிருந்த ஏரிகளில் டிரவுட்டை விட்டதால் மலைத் தவளைகள் அழிந்தன. மீனை அகற்றிய ஏரிகளில் தவளை திரும்ப வந்தது. இலங்கையின் ஹார்ட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் ஒரு நன்னீர் இறாலுக்கு அங்கே விடப்பட்ட வானவில் டிரவுட் அச்சுறுத்தலாக இருக்கிறது. நம் சோலை ஓடைகளில் வேறெங்கும் இல்லாத தவளைகளின் தலைப்பிரட்டைகள் நீந்துகின்றன. அங்கே ஒரு வேட்டைக்கார மீனை விட எவருக்கும் உரிமை இல்லை என்பதே என் உறுதியான கருத்து. 2013இல் ஏறத்தாழ 609 சதுர கி.மீ. பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு இந்தப் பேச்சுக்குச் சட்டத்திலும் இடமில்லை.

உண்மையான கவலை வேறு. டிரவுட் வராவிட்டாலும் பூச்சி குறைந்துகொண்டிருக்கிறது என்றே அஞ்சுகிறேன். அதற்கான காரணங்கள் கண்முன் இருக்கின்றன. 2018இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு ஒன்று, நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. அந்த இடங்களில் சீகை, பைன், யூகலிப்டஸ் மரங்களும் விவசாயமும் நிற்கின்றன. மழையை உறிஞ்சி மெல்ல விட்டுக்கொண்டிருந்த புல்வெளி போனால், மழையில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் கூடும். பூச்சி மீண்டு வளரத் தேவையான தெளிநீர் மாதங்கள் சுருங்கும். தங்கும் விடுதிகளுக்கும் தோட்டங்களுக்கும் ஓடைகளிலிருந்து கறுப்பு ஓஸ் பைப்புகள் இறங்குகின்றன. பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சி. ஆனால் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு வயல்களில் தெளிக்கும் பூச்சிக்கொல்லியின் எச்சம் மழையோடு ஓடைக்குத்தான் வரும். பைரித்ராய்டு, நியோநிகோட்டினாய்டு வகை மருந்துகளால் மேஃப்ளை மிகக் குறைந்த அளவிலேயே சாகிறது. மீன் சாகும் அளவுக்கு விஷம் ஏறுவதற்கு வெகு முன்பே பூச்சி மறைந்துவிடும். உலகம் முழுக்க மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ் மூன்றையும் எண்ணி ஓடையின் நலத்தை அளப்பது இதனால்தான்.

பாம்பாறு இன்னொரு சுமையையும் சுமந்தது. கொடைக்கானலில் இயங்கி 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு கொட்டப்பட்ட சரிவு, பாம்பாறு சோலைக்கு மேலே இருக்கிறது. கொடைக்கானல் ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. ஆற்றடி வண்டலில் படிந்த பாதரசம் முதலில் ஏறுவது அந்த வண்டலைத் தின்னும் இளம்பூச்சியின் உடலில். அங்கிருந்து மீனுக்கு, மீனிலிருந்து மனிதருக்கு. அந்தத் தொழிற்சாலைக்கு எதிரான இத்தனை ஆண்டு வழக்கிலும் போராட்டத்திலும் தொழிலாளர்களின் உடல்நலம் பேசப்பட்டது, பேசப்படவும் வேண்டும். ஓடையின் அடித்தட்டு உயிர்களைப் பற்றிய தொடர்ச்சியான கணக்கும் அதோடு சேர்ந்திருந்தால் வாதம் இன்னும் வலுப்பெற்றிருக்கும்.

அந்தக் கணக்கை இன்றும் தொடங்கலாம், பெரிய செலவில்லை. மூன்று இடம் போதும்: மேலே குண்டாறு, நடுவில் பாம்பாறு, அடிவாரத்தில் கும்பக்கரை. உயரம் 2,000 மீட்டரிலிருந்து சில நூறு மீட்டருக்கு இறங்குவதால் ஒரே மலையில் மூன்று தட்பவெப்பம் கிடைக்கிறது. சரணாலயப் பகுதிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். மீனையோ பூச்சியையோ எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. மாதத்துக்கு இரண்டு மாலை, சூரியன் மறைந்து ஒரு மணி நேரம், வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி அதன் முன் விளக்கு வைத்தால் எழும் பூச்சி வந்து அமரும். படமெடுத்து எண்ணலாம். பகலில் கரைப்பாறைகளில் ஒட்டியிருக்கும் உரித்த தோல்களையும் எண்ணலாம். கூடவே நீரின் வெப்பம், நீர்மட்டம், கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று என்ற குறிப்பு. மதுரை, திண்டுக்கல், பெரியகுளம் பக்கத்துக் கல்லூரி விலங்கியல் மாணவர்களும், மேல்மலைப் பள்ளிப் பிள்ளைகளும், ஏரிக்கரையில் தூண்டில் போடும் பெரியவர்களும் இதைச் செய்யக்கூடியவர்களே. வடகிழக்கு மழை விட்டதும் டிசம்பரில் தொடங்கினால், அடுத்த டிசம்பருக்குள் கோடை மழையும் இரண்டு பருவமழைகளும் அந்தக் குறிப்பேட்டுக்குள் வந்துவிடும்.